வேட்டைத் துப்பாக்கியும் கம்பிக் கண்ணியும்

நுவரெலியாவில் கொல்ப் மைதானத்தின் பக்கமாய் ஒரு பழைய கல்லறை உண்டு. மேஜர் தோமஸ் வில்லியம் ரோஜர்ஸ் என்னும் ஆங்கிலேய அதிகாரி அங்கே அடக்கம் பண்ணப்பட்டிருக்கிறார். பதுளையில் அரசாங்க உத்தியோகம் பார்த்த அவர், தம் வாழ்நாளில் 1,300க்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டு வீழ்த்தினார் என்பார்கள். 1845ஆம் ஆண்டு அப்புத்தளையில் இடி விழுந்து மாண்டார். பின்னர் அவருடைய கல்லறையின்மீதும் இடி விழுந்ததென்பது ஊர்ப்பேச்சு. வாயில்லாச் சீவன்களைக் கொன்ற பாவம் என்று நம் பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்வதுண்டு. அந்தக் கணக்கை ஆராய நான் வரவில்லை. அத்தனை யானைகளைக் கொன்ற மனிதர் எந்தச் சட்டத்தையும் மீறவில்லை என்பதுதான் என் மனத்தை உறுத்துகிறது.

மீறாதது மட்டுமா? யானையைக் கொல்வோருக்கு அக்காலத்தில் அரசாங்கமே வெகுமதி கொடுத்து வந்தது. குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளியான தமது நூலில் இதற்குக் கணக்குத் தருகிறார். 1848க்கு முன் மூன்று ஆண்டுகளுக்கும் குறைந்த காலத்தில், வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500க்கு மேற்பட்ட யானைகள் வெகுமதிக்காக அழிக்கப்பட்டன. 1851 முதல் 1856 வரை தென்மாகாணத்தில் 2,000 யானைகள் மடிந்தன. காட்டு விலங்கு தொடர்பாக வெள்ளை அரசாங்கம் இந்நாட்டில் முதலில் நீட்டியது தண்டனைக் கோலை அன்று, பணப்பையை என்று சொன்னால் மிகையாகாது.

மலைநாட்டின் கதையும் இத்தகையதே. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், வேட்டை நாய்களை ஏவி மரைகளை விரட்டிக் கத்தியால் குத்திக் கொல்வதை வீர விளையாட்டாகக் கொண்டிருந்தார். அதைப் பெருமையுடன் நூலாகவும் எழுதினார். அவர் காலத்தில் ஹோர்ட்டன் சமவெளியில் யானைகள் திரிந்தன. இன்று அங்கே ஒரு யானையும் இல்லை.

துப்பாக்கி ஒருபுறம் வேலை செய்ய, கோடரி மறுபுறம் வேலை செய்தது. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைச்சரிவுகள் மொட்டையடிக்கப்பட்டன. தென்னிந்தியாவிலிருந்து கால்நடையாய் வந்த நம் மூதாதையரின் உழைப்பும் அதிலே கலந்திருக்கிறது. ஆனால் அழிந்த காட்டிலும் எழுந்த தோட்டத்திலும் அவர்களுக்கு ஒரு சாண் நிலம் சொந்தமானதில்லை.

நிற்க. அழிவின் விளைவை உணர்ந்தவர்களும் இருந்தார்கள். கியூ தாவரவியல் பூங்காவின் பணிப்பாளர் ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டாது காக்கவேண்டுமென்று 1873இல் ஆலோசனை கூறினார். நமது ஆறுகளின் தலைமடை அங்கேதான் இருக்கிறது. 1894இல் வேட்டைப் பிராணிகளின் பாதுகாப்புக்கென ஒரு சங்கம் தோன்றிற்று. அதனை அமைத்தவர்களிற் பலர் வேட்டையாடிய துரைமாரே. சுட்டுத் தீர்ந்துவிட்டால் நாளைக்குச் சுட ஒன்றுமிராது என்ற கவலை அவர்களுக்கு இருந்தது. நோக்கம் எதுவாயினும் விளைவு நன்மையாயிற்று.

தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டமாகப் பிறந்தது. 1938இல் யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களாயின. ஹக்கல இயற்கை ஒதுக்கமாயிற்று. 1940இல் சிவனொளிபாதமலையைச் சூழ்ந்த காடு சரணாலயமாயிற்று. வனஜீவராசிகள் திணைக்களம் 1949இல் அமைந்தது. பேக்கர் வேட்டையாடிய ஹோர்ட்டன் சமவெளி 1969இல் இயற்கை ஒதுக்கமாகவும், 1988இல் தேசியப் பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது.

சட்டம் வந்தபின் சாவு நின்றதா? 2020ஆம் ஆண்டு மே மாதம், சிவனொளிபாதமலை யாத்திரிகர் யாவரும் அறிந்த நல்லதண்ணியில், தோட்டமொன்றின் மரக்கறிப் பாத்தியருகே கம்பிக் கண்ணியில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கிற்று. இலங்கையில் அற்றுப்போயிற்றென்று கருதப்பட்டு, சிலமாதங்களுக்கு முன்னரே கமராவில் அகப்பட்ட அரிய பிராணி அது. உடவளவைக்குக் கொண்டுசென்று சிகிச்சை அளித்தும் சில நாட்களில் இறந்தது. அடுத்த ஆண்டு முதல் ஆகஸ்ட் முதலாந் திகதி இலங்கைச் சிறுத்தை தினமாயிற்று.

இச்செய்தியை வாசித்தபோது எனக்கு என் சித்தப்பாவின் நினைவு வந்தது. நான் சிறுவனாயிருந்த காலத்தில், லயத்தின் பின்னால் அவர் போட்ட கிழங்குப் பாத்தியைக் காட்டுப்பன்றிகள் ஒரே இரவிற் கிளறிவிட்டன. மூன்று மாத உழைப்பு. வட்டிக்கு வாங்கிய விதை. மறுநாள் அவர் பழைய சைக்கிள் பிரேக் கம்பியில் சுருக்கு வைத்தார். அதில் மாட்டியது பன்றியன்று, எங்கள் வீட்டு நாய். சித்தப்பா அதைத் தாமே புதைத்தார். பிறகு கண்ணி வைக்கவேயில்லை. அவரைக் கொடியவரென்று சொல்ல எனக்கு நா எழாது. ஆனால் கண்ணிக்குக் கண்ணில்லை. பன்றிக்கென்று வைத்த சுருக்கு சிறுத்தையின் இடுப்பை இறுக்கும். அது திமிறத் திமிற இன்னும் இறுகும்.

சிந்திக்கவேண்டியது ஒன்றுண்டு. பன்றிக் குட்டிகளையும் மான்களையும் தின்று அவற்றின் பெருக்கத்தை மட்டுப்படுத்துவது சிறுத்தை. இத்தீவில் அதற்கு மேற்பட்ட வேட்டை விலங்கு வேறில்லை. அதைக் கொன்றால் பாத்தியைக் காப்பவனையே கொன்றவர்களாவோம்.

துரையின் துப்பாக்கி விளையாட்டுக்காக வெடித்தது. தொழிலாளியின் கண்ணி வயிற்றுக்காக வைக்கப்படுகிறது. இரண்டையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது. ஆயினும் செத்த விலங்குக்கு இந்த வேறுபாடு தெரியாது. ஆகவே நம் கடமை இருவகைப்படும். பயிரிழந்தவனுக்கு நட்டஈடும், வேலியிட உதவியும், அவனுக்கு விளங்கும் தமிழிற் சட்டமும் வேண்டுமென்று அரசாங்கத்தையும் தோட்ட நிர்வாகத்தையும் கேட்பது ஒன்று. நம் லயங்களில் நாமே பேசுவது மற்றொன்று. குப்பையை லயத்தோரம் கொட்டினால் நாயும் பன்றியும் கூடும். அவற்றைத் தேடிச் சிறுத்தையும் வரும். சிக்கிய விலங்கைச் சுற்றிக் கூட்டங் கூடிக் கூச்சலிடாமல் உடனே திணைக்களத்துக்கு அறிவிக்கவேண்டும். திணைக்களத்தாரின் துணையோடு நம் வாலிபர் காட்டோரம் நடந்து கண்ணிகளை அகற்றலாம்.

ரோஜர்ஸ் காலத்தில் சட்டம் கொல்லச் சொன்னது. இன்று காக்கச் சொல்கிறது. அந்தச் சொல் நம் லயத்து வாசல்வரை வந்து சேரவேண்டும். அதைக் கொண்டுசேர்க்கும் வேலை படித்த பிள்ளைகளாகிய நம்முடையதே.