புழு என்று பெயர் வாங்கிய மட்டி

பயிரில் சேதம் கண்டால், முதலில் அது என்ன இனம் என்று பாருங்கள் என்கிறோம். “எதுவா இருந்தா என்ன, மருந்தை அடிச்சாப் போச்சு” என்பவர்களும் உண்டு. அவர்களுக்காக ஹாலந்து நாட்டுக் கதை ஒன்று.

அங்கே பல வயல்கள் கடல் மட்டத்துக்கும் கீழே இருக்கின்றன. கரை போட்டுக் கடலைத் தடுத்துத்தான் வெள்ளாமை. அந்தக் காலத்தில் கரையின் கடல் பக்கம் மரக்கம்பங்களை வரிசையாக அடித்திருந்தார்கள். 1730, 1731-ஆம் ஆண்டுகளில் அந்தக் கம்பங்கள் மளமளவென்று முறிந்தன. எடுத்துப் பார்த்தால் உள்ளே தேன்கூடு மாதிரி ஓட்டை. ஓட்டைக்குள் சாண் நீளத்துக்கு வெள்ளைப் புழு! கரை போனால் நிலமும் போச்சு, குடியும் போச்சு. தெய்வ தண்டனை என்று ஜனங்கள் ஜெபம் செய்தார்கள்.

1733-இல் செல்லியஸ் என்பவர் அதை ஆராய்ந்து புத்தகம் எழுதினார். தலைப் பக்கம் இரண்டு சின்ன ஓடுகள். உள்ளே செவுள். வால் பக்கம் தண்ணீரை இழுக்க ஒரு குழாய், வெளியேற்ற ஒரு குழாய். இதெல்லாம் புழுவுக்கு ஏது? இது மட்டி, சிப்பி ஜாதி என்றார். ஆனாலும் ஸ்வீடன் நாட்டு அறிஞர் லின்னேயஸ் 1758-இல் வெளியிட்ட உயிரினப் பட்டியலில் அதை மண்புழு, அட்டையோடுதான் சேர்த்தார். இன்றைக்கு அது சிப்பிகளோடு, இரட்டை ஓட்டு உயிரிகளின் வகுப்பில் இருக்கிறது. ‘கப்பல் புழு’ என்ற பேர் மட்டும் போகவில்லை.

இனம் தெரிந்து என்ன லாபம் என்கிறீர்களா? இனம் தெரிந்தால் பிழைப்பு தெரியும். இதன் குஞ்சு கடல் நீரில் மிதந்து வந்து மரத்தில் ஊசித்துளை போட்டு நுழைகிறது. பிறகு ஓடுகளே அரம். ராவி ராவி உள்ளேயே வளர்கிறது. ஆபத்து என்றால் வாசலை அடைத்துக்கொள்ளும். புகுந்த பிறகு மேலே எதைப் பூசி என்ன பயன்?

கடைசியில் ஹாலந்துக்காரர்கள் கம்பங்களை நம்புவதை விட்டார்கள். கரையைச் சரிவாக்கிக் கல் பதித்தார்கள். கல்லை வெளிநாட்டிலிருந்து கப்பலில் கொண்டுவந்தார்கள். செலவு ஏகப்பட்டது, ஆனால் நிலம் தப்பியது.

நம் வயலிலும் இதே சங்கதிதான். சிவப்புச் சிலந்தியைப் பூச்சி என்கிறோம். எண்ணிப் பாருங்கள், வளர்ந்ததற்கு எட்டுக் கால். அது பூச்சி இனமே இல்லை. பல பூச்சி மருந்துகள் அதனிடம் பலிப்பதில்லை. ஆகவே, பேரை மட்டும் கேட்டு மருந்துக் கடைக்குப் போகாமல், இலையைத் திருப்பி ஆளைப் பார்த்துவிட்டுப் போங்கள்.