கிகன்சி தேரையும் ஓர் அணையும்

தான்சானியா நாட்டின் உட்சுங்வா மலையில் கிகன்சி ஆறு அருவியாக விழுகிறது. அந்தச் சாரலில் எப்போதும் நனைந்திருந்த சில ஏக்கர் நிலத்தில் மட்டும் ஒரு குட்டித் தேரை வாழ்ந்தது. முட்டையிடாமல் குட்டி போடும் அபூர்வ இனம் இது. 1996இல்தான் அறிவியலாளர்கள் இதைக் கண்டார்கள். அதற்குள் மேலே அணை வேலை தொடங்கிவிட்டது!

2000இல் 180 மெகாவாட் நீர்மின் நிலையம் இயங்க ஆரம்பித்தது. ஆற்று நீரில் சுமார் 90 சதவீதம் மின் நிலையத்துக்குத் திருப்பப்பட்டதால் சாரல் குறைந்தது. அவசரமாக 499 தேரைகளைப் பிடித்து அமெரிக்காவுக்கு அனுப்பினார்கள். பள்ளத்தாக்கில் நீர்த்தெளிப்பான்கள் வைத்துச் செயற்கைச் சாரல் உண்டாக்கினார்கள். பலன் கிடைத்தது. 2003 ஜூனில் தேரைகள் சுமார் 20,000 ஆகப் பெருகின.

ஆனால் அதே ஆண்டு, வண்டலை அகற்ற அணையின் மதகுகள் திறக்கப்பட்டன. பூஞ்சை நோயும் பரவியது. சில மாதங்களில் தேரைகள் ஏறக்குறைய மறைந்தன. நோயா, வண்டல் நீரா, எது முக்கியக் காரணம் என்று ஆய்வாளர்கள் விவாதித்தார்கள். 2009இல் இயற்கையில் அழிந்த இனமாக அறிவிக்கப்பட்டது.

அமெரிக்க விலங்குக் காட்சிச்சாலைகளில் வளர்ந்த சந்ததி 2012இல் சொந்த அருவிக்குத் திரும்பியது. அணை கட்டும்போது மட்டுமல்ல, மதகு திறக்கும் ஒவ்வொரு முறையும் கீழே வாழும் உயிர்களை நினைக்க வேண்டும் என்பதே கிகன்சி தரும் பாடம்.