மெட்ராஸ் துறைமுகத்துக்கு ஒரு வாரம்

அப்பாவுக்கு எழுபது ஆகுது. ஓசூர் சிப்காட்டுல முப்பது வருஷம் ஷிஃப்ட் பார்த்தவர். மெட்ராசுக்கு எத்தனையோ தடவை போயிருக்கார்; எல்லாமே ராத்திரி பஸ்ஸு, பகல்ல வேலை, மறுபடி ராத்திரி பஸ்ஸு. "கடலை உட்கார்ந்து பார்த்ததே இல்லடா" என்றார் போன வாரம். அதான் ஒரு வாரத்துக்குத் திட்டம் போட்டுக்கிட்டிருக்கேன். மால், தீம் பார்க் எதுவும் கிடையாது. துறைமுகமும் அதைச் சுத்தின பழைய கதைகளும் மட்டும்தான் :-)

கதை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையிலேயே ஆரம்பிச்சிடும். 1792-ல் திப்பு விட்டுக்கொடுத்த பகுதிகளில் ஒன்று பாராமகால். (எங்க ஓசூர் கும்பினி கைக்கு நிலையாக வந்தது 1799-ல் திப்பு இறந்த பிறகுதான்.) அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடுக்கு உதவியாளராக இருந்தவர் தாமஸ் மன்றோ. ஜமீன்தார் இல்லாமல் நேரே விவசாயியிடம் வரி வாங்கும் ரயத்துவாரி முறை இங்கேதான் உருவாச்சு. நடுவில் இருந்தவன் போனானே தவிர வரி போகலை, அது வேற விஷயம். 1820-ல் கவர்னரான அதே மன்றோதான் தீவுத்திடல் பக்கம் குதிரைமேல உட்கார்ந்திருக்கார். முதல் நாள் அவருக்கு.

ரெண்டாம் நாள் ராஜாஜி சாலை. துறைமுகத்தை ஒட்டி ஓடுற ரோட்டுக்கு 1878-ல் ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்தவர் பேர். அப்பாவுக்கு இது போதும், ஊருக்கு வந்து ஒரு மாசம் சொல்லிக்கிட்டிருப்பார்.

உண்மையில் மெட்ராசுக்கு இயற்கையான துறைமுகமே கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்கும். ஆளும் சரக்கும் மசூலா படகில் அலையைத் தாண்டி வரணும். ஆணி அடித்த படகு அந்த அலைக்குத் தாங்காதுன்னு பலகைகளைக் கயிற்றால் தைத்திருப்பார்கள். 1861-ல் ஒரு இரும்புப் பாலம் கடலுக்குள் நீட்டினார்கள். 1875-ல் கல்சுவர் வேலை தொடங்கி, முடியும் தறுவாயில் 1881 புயல் வந்து உடைச்சுப் போட்டது. திரும்பக் கட்டினால் கிழக்கு வாசலை மணல் மூட ஆரம்பிச்சுது. 1904-ல் பொறுப்புக்கு வந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில்தான் அதை அடைச்சிட்டு, வடகிழக்கில் புது வாசல் வைத்தார்கள்.

இந்த மணல் விவகாரம்தான் எனக்கு உறுத்துது. இந்தக் கரையோரம் மணல் வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகரும். துறைமுகச் சுவர் குறுக்கே வந்ததும் தெற்கே குவிந்தது, மெரினா அகலமாச்சு. வடக்கே மணல் வரத்து நின்னுபோச்சு. ராயபுரம், காசிமேடு பக்கம் கடல் கரையைத் தின்னுச்சு. மீனவர் தெருக்களே போயிருக்கு. இப்போ அங்கே கருங்கல் கொட்டி வச்சிருக்காங்க. அப்பா உட்காரப்போற மணல் எப்படி வந்ததுன்னு தெரியணுமில்லையா, அதனால ஒரு நாள் காசிமேட்டுக்கும் வச்சிருக்கேன். விடியக்காலை மீன் ஏலமும் பார்த்துடலாம்.

இன்னொரு நாள் ஹைகோர்ட் பக்கம். 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் குண்டு போட்டதுக்கு அங்கே கல்வெட்டு இருக்கு. 1894 முதல் கலங்கரை விளக்கமும் அந்தக் கட்டட உச்சியில்தான் இருந்தது. 1977-ல் அது மெரினாவுக்கு வந்தது. மெரினா விளக்கத்தில் லிஃப்ட் உண்டு, அப்பா முழங்காலுக்குப் பிரச்சினை இல்லை.

மிச்ச நாளுக்கு ஒண்ணும் எழுதலை. சாயங்காலம் மணல்ல உட்கார்ந்து கப்பல் எண்ணப்போறோம். "எத்தனை வருதுன்னு பந்தயம் கட்டலாமா?" என்கிறார் அப்பா.