விடுதி கண்காணிக்க வேண்டியது யாரை? கோவாவின் குழந்தைகள் சட்டமும் சுற்றுலாத் தொழிலின் பொறுப்பும்

கோவாவின் மட்காவ் நகரில் குழந்தைகள் இல்லம் நடத்திவந்த ஃபிரெடி பீட்ஸ் 1991இல் கைது செய்யப்பட்டார். அந்த இல்லத்துச் சிறுவர்கள், வெளிநாட்டிலிருந்து வந்த ஆண்களின் பாலியல் சுரண்டலுக்கு ஆளாக்கப்பட்டிருந்தனர். 1996இல் அவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இத்தகைய குற்றம் தனியொருவரால் நடப்பதன்று. அறை கொடுப்பவர், வண்டி ஓட்டுபவர், படம் கழுவித் தருபவர் எனப் பலரது மௌனம் அதற்குத் தேவைப்படுகிறது.

2003ஆம் ஆண்டின் கோவா குழந்தைகள் சட்டம் அந்த மௌனத்தையே குறிவைத்தது. குடும்பத்தினரோடோ உறவினரோடோ தங்குவதாகப் பதிவு செய்யப்படாத எந்தக் குழந்தையையும் விடுதி அறைக்குள் அனுமதிக்கக் கூடாது என்று அது விதிக்கிறது. பள்ளி மாணவர் குழுக்கள் போன்றவற்றுக்கு மட்டுமே விலக்கு உண்டு. தன் வளாகத்தில் குழந்தை பாதுகாப்பாக இருப்பதை உறுதிசெய்வது விடுதியின் கடமையாகிறது.

நாடு முழுமைக்கும் பொருந்தும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டமும் இதே திசையில் செல்கிறது. குற்றம் நடந்ததை அறிந்தவர் மட்டுமன்றி, நடக்கக்கூடும் என்று அஞ்சுபவரும் காவல்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது பிரிவு 19. பிரிவு 20 விடுதி, லாட்ஜ், கிளப், ஸ்டுடியோ ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது: குழந்தையைப் பாலியல் ரீதியாகச் சுரண்டும் படமோ பொருளோ கண்ணில் பட்டால், அங்கு எத்தனை பேர் பணிபுரிந்தாலும், தகவல் தரும் கடமையிலிருந்து விலக்கில்லை. தவறினால் பிரிவு 21இன்படி ஆறு மாதம் வரை சிறை. ஊழியரின் குற்றத்தை மறைக்கும் நிறுவனப் பொறுப்பாளருக்கு ஓராண்டு வரை. நல்லெண்ணத்தோடு தகவல் தருபவர்மீது வழக்குத் தொடுக்க முடியாது என்பதை விடுதி ஊழியர்கள் பலர் அறிவதில்லை. மாணவர்கள் முதலில் கொண்டுசேர்க்க வேண்டிய செய்தி அதுவே.

எக்பாட் அமைப்பின் சுவீடன் கிளை 1998இல் சுற்றுலா நிறுவனங்களோடு சேர்ந்து தொடங்கிய 'தி கோட்' எனும் நடத்தை விதித்தொகுப்பில் ஆறு கடமைகள் உள்ளன. அவற்றுள் ஒப்பந்தம் பற்றியதையே நாம் முதன்மையாகக் கருதுகிறோம். குழந்தைச் சுரண்டலைச் சகிக்க மாட்டோம் என்ற நிபந்தனையை, தன்னோடு தொழில் செய்யும் ஒவ்வொருவரிடமும் நிறுவனம் எழுதி வாங்க வேண்டும். நட்சத்திர விடுதியின் சுவரில் பதாகை தொங்கலாம். ஆனால் குழந்தை அழைத்துச் செல்லப்படுவது வாடகை வண்டியில். சேர்வது பெயர்ப்பலகை இல்லாத வாடகை வீட்டில். அந்தக் கண்ணிகளைத் தொடாத 'பொறுப்புள்ள சுற்றுலா' விளம்பரம் மட்டுமே. 2010இல் சுற்றுலா அமைச்சகம் கொண்டுவந்த நடத்தை விதியும் தன்விருப்பத்தின் பாற்பட்டது. மீறினால் தண்டனை இல்லை.

இங்கே சாதியைப் பேசாமல் நகர முடியாது. கோவாவின் கடற்கரைகளில் மணிமாலையும் துணியும் விற்பவர்களில் கர்நாடகத்திலிருந்து வந்த லமாணி குடும்பங்கள் ஏராளம். தமிழகத்தில் லம்பாடி என்று நாம் அறியும் மக்கள். விடுதிக் காவலர் 'குழந்தைப் பாதுகாப்பு' என்ற பெயரில் இக்குழந்தைகளை வாசலிலிருந்து விரட்டுவது எளிது. அறை எடுத்திருக்கும் விருந்தினரைக் கேள்வி கேட்பதுதான் கடினம். சட்டம் கேட்பதோ இரண்டாவதை.

கர்நாடகத்தில் இச்சமூகம் பட்டியல் சாதி. கோவாவின் பட்டியலில் அது இல்லை. இதைக் காட்டி வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தாது என்று காவல் நிலையம் சொல்லக்கூடும். அது தவறு. ஒரு மாநிலத்தில் பட்டியல் சாதியாக இருப்பவர், குற்றம் எந்த மாநிலத்தில் நடந்தாலும் இச்சட்டத்தின் பாதுகாப்புக்கு உரியவர் என்று பம்பாய் உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2023இல் தீர்ப்பளித்தது. கோவா அந்த நீதிமன்றத்தின் எல்லைக்குள்தான் வருகிறது.

இன்னொரு தடையும் உண்டு. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்று அறிந்தே குற்றம் செய்ததாக, பிரிவு 3(2)(v), 3(2)(va) ஆகியவற்றின்கீழ் நிறுவ வேண்டும். வெளிநாட்டவர் 'எனக்குச் சாதி தெரியாது' என்பார். இடைத்தரகர் அப்படிச் சொல்லித் தப்புவது அரிது. குழந்தையையோ குடும்பத்தையோ நேரில் அறிந்தவர் சாதியையும் அறிந்திருந்தார் என்றே நீதிமன்றம் அனுமானிக்க வேண்டும் என்கிறது பிரிவு 8(இ). மறுத்து நிரூபிப்பது அவர் பாடு.

எனவே முதல் தகவல் அறிக்கையில் போக்சோ பிரிவுகள் மட்டும் இருந்தால் போதாது. 3(2)(v) பத்தாண்டும் அதற்கு மேலும் தண்டனைக்குரிய தண்டனைச் சட்டக் குற்றங்களையே பற்றுகிறது. ஆகவே பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவுகளும் உடன் சேர வேண்டும். குழந்தையின் சாதியும் சொந்த மாநிலமும் புகாரிலேயே எழுதப்பட வேண்டும். சாதிச் சான்றிதழ் கையில் இல்லையென்றால் பதிவைத் தள்ளிப்போட இடம் தரக் கூடாது; அது புலனாய்வின்போது பெறப்பட வேண்டிய ஆவணம். விடுதியின் வருகைப் பதிவேடும் கண்காணிப்புக் கேமராப் பதிவும் அழிவதற்கு முன் கைப்பற்றப்பட வேண்டும் என்ற கோரிக்கையை அதே மனுவில் எழுத்தில் வைப்போம். அவசரத் தகவலுக்கு எண் 1098.