ஆஃப்செட் அச்சுக் குறைகள்: ரெஜிஸ்டர் விலகல்

பல நிற அச்சில் நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாக விழாமல் விலகி நிற்பதே ரெஜிஸ்டர் விலகல். இதற்கு இயந்திரத் தேய்மானமே காரணம் என்பார்கள். அதில் நியாயம் உண்டு: தேய்ந்த கிரிப்பர் தாளை நழுவவிடும், அப்போது முன்விளிம்பிலேயே, தாளுக்குத் தாள் விலகல் மாறும். முன்விளிம்பு பொருந்தி, வால்பக்க மூலைகள் மட்டும் விரிந்தால் குற்றம் தாளின் ஈரத்தில்தான். கொல்லிமலை போல 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்து மேகம் தவழும் இடத்தில் தாள்கட்டைப் பிரித்து வைத்தால் விளிம்புகள் நீரை உறிஞ்சி அலையலையாகும். சிவகாசி வறண்ட ஊர், அங்கே இந்தத் தொல்லை இராது என்பதும் பொருந்தாது; வறண்ட காற்றில் விளிம்பு சுருங்கி இறுகும், நடுப்பகுதி புடைக்கும். ஆகவே பிளேட்டை நகர்த்துவதற்கு முன் தாளைப் பார்க்க வேண்டும். கட்டைப் பிரிக்காமலே அச்சுக்கூட வெப்பநிலைக்கு வரவிடுவதும், காற்றின் ஈரப்பதத்தை 50–55 சதவீத அளவில் காப்பதும், டேம்பிங் நீரைக் குறைப்பதும் பலன் தரும்.