'கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்!' குச்சி இல்லாமல் வகுப்பை எப்படிக் கட்டுப்படுத்துவது?

ஸ்கூலில் பிள்ளையைச் சேர்க்கும்போது மதுரைப் பக்கம் அப்பாக்கள் இன்னைக்கும் சொல்ற டயலாக் இது: "கண்ணை மட்டும் விட்டுட்டு தோலை உரிச்சிடுங்க சார்." ஆனால், அப்பாவே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாலும் அப்படி ஓர் அனுமதியை வாங்கிக்கொள்ள எந்த ஆசிரியருக்கும் உரிமை இல்லை.

சட்டம் என்ன சொல்லுது?

தமிழ்நாடு கல்வி விதிகளின் 51-வது விதி 2003-லேயே திருத்தப்பட்டு, பள்ளிகளில் உடல் தண்டனைக்குத் தடை வந்துவிட்டது. அடுத்து வந்த 2009-ம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17-வது பிரிவு, அடிப்பதோடு மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. மீறினால் துறை நடவடிக்கை. பிரைவேட் ஸ்கூலுக்கும் இதே சட்டம்தான்.

"நான் அடிக்கவே இல்லையே, முட்டி போடத்தானே சொன்னேன்" என்று தப்பிக்க முடியாது. முட்டி போட வைப்பது, பெஞ்ச் மேல் ஏற்றி நிறுத்துவது, வகுப்பறையில் பூட்டி வைப்பது எல்லாமே தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்படி தண்டனைதான். பட்டப்பேர் வைப்பது, எல்லார் முன்னாடியும் "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்பது மனரீதியான துன்புறுத்தலில் வரும். இந்த வழிகாட்டுதல்களைப் பள்ளிகளில் அமல்படுத்தச் சொல்லி சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஏப்ரலில் உத்தரவிட்டது.

சரி, டீச்சர் என்னதான் செய்வாங்க?

நியாயமான கேள்வி. கல்வி உரிமைச் சட்டப்படி 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப்பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அதாவது, ஐந்து வகுப்புகளை இரண்டு பேர் பார்க்கணும். மூணாம் கிளாஸுக்குக் கணக்கு போடும்போது ஒண்ணாம் கிளாஸ் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற ஆறு வயசுப் பிள்ளை பக்கத்துப் பையன் பென்சிலைப் பிடுங்கத்தான் செய்யும். சேட்டையில் பெரும்பகுதி இந்த 'சும்மா இருக்கிற' நேரத்தில்தான் நடக்கிறது.

இதற்குத் தமிழ்நாட்டிலேயே ஒரு பதில் இருந்தது. 2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில், அப்போதைய ஆணையர் எம்.பி.விஜயகுமார் முயற்சியில் தொடங்கிய செயல்வழிக் கற்றல். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி முறையைப் பார்த்து வந்தது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்காருவாங்க. எடுக்க அட்டை, எழுத சுவரில் தாழ்வான கரும்பலகை என்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு வேலை இருக்கும். அப்போதும் வகுப்பில் சத்தம் வரும், ஆனால் அது வேலை நடக்கிற சத்தம். இப்போதைய 'எண்ணும் எழுத்தும்' திட்டத்திலும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிப்பதில் இந்த வசதி இருக்கிறது: யார் எந்த நிலையில் இருக்காங்களோ, அதற்கேற்ற வேலை. கார்டும் ஒர்க்புக்கும் நிரப்பி ஆப்பில் ஏற்றவே நேரம் போய்விட்டால் மட்டும் இது பலன் தராது.

மற்றதெல்லாம் சின்னச் சின்ன பழக்கம். ஒரே தாளத்தில் கைதட்டி, பிள்ளைகளைத் திருப்பித் தட்ட வைப்பது. கத்துவதற்குப் பதில் குரலைத் தாழ்த்துவது. "ஓடாதே" என்பதை விட "மெதுவா நடந்து வா" என்பது பிள்ளைக்குச் சட்டெனப் புரியும், ஏன்னா என்ன செய்யணும்னு அதில் இருக்கு. தப்பு செய்தவனைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசுவது, நல்லது செய்தால் அதை எல்லார் முன்னாடியும் சொல்வது.

நம்ம எல்லாருக்கும் தெரிந்த ஒரு பழக்கத்தை மட்டும் விட்டுடலாம்: லீடர் போர்டில் 'பேசுறவங்க' பேரை எழுதுவது. யார் பேசினாங்க என்பதை விட, லீடருக்கு யாரைப் பிடிக்கலை என்பதுதான் அந்த லிஸ்ட்டில் தெரியும்.

இடமும் முக்கியம். 2025 ஜூலையில், 'ஸ்தானார்த்தி ஸ்ரீகுட்டன்' என்ற மலையாளப் படத்துக்குப் பிறகு, 'ப' வடிவில் பிள்ளைகளை உட்கார வைக்கச் சொல்லி இங்கே சுற்றறிக்கை வந்ததும், கழுத்து வலிக்கும், போர்டு தெரியாது என்று எதிர்ப்பு கிளம்பியதும் ஞாபகம் இருக்கும். 'ப' வடிவமோ வரிசையோ, கடைசி பெஞ்ச் பிள்ளையிடமும் டீச்சர் நடந்து போக வழி இருக்கிறதா என்று பாருங்க.

பசியில் வர்ற கோபம்

பரவை மார்க்கெட் வேலைக்கு விடிகாலையில் கிளம்பும் வீட்டில், பிள்ளை சாப்பிடாமல் ஸ்கூலுக்கு வருவது புதுசு இல்லை. பத்து மணிக்கு அது எரிஞ்சு விழுந்தால் அதை 'அடங்காத பிள்ளை' என்று எழுதிவிடுவது சுலபம். முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2022 செப்டம்பர் 15-ல் மதுரையில்தான் தொடங்கியது. 2023 ஆகஸ்ட்டில் மாநிலத்தின் எல்லா அரசு தொடக்கப்பள்ளிகளுக்கும் போனது. உப்புமாவும் பொங்கலும் வகுப்பறை ஒழுங்குக்கும் உதவும் என்பதை எந்தச் சுற்றறிக்கையும் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

போர்டு தெரியாத பிள்ளை பக்கத்தில் எட்டிப் பார்க்கும், காது சரியாகக் கேட்காத பிள்ளை சொன்ன பேச்சு கேட்காத மாதிரி தெரியும். திரும்பத் திரும்ப ஒரே பிள்ளை மேல் புகார் வந்தால் கண், காது டெஸ்ட் முதலில்.

பெற்றோர் எங்கே சொல்லலாம்?

பிள்ளை அடிவாங்கி வந்தால் முதலில் தலைமை ஆசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிலும் பேசுங்க. தீரவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலர். பள்ளிக்கல்வித் துறை உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098.