ஆண்களின் வேலையால் நகரமான ஊர்கள்: தாம்பரம் புறநகரில் உழவுப் பெண்களும் மக்கள்தொகைக் கணக்கும்

தாம்பரத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் பெண்கள் வயலை விட்டு விலகிவிட்டார்கள் என்ற முடிவு புறநகர் ஆய்வுகளில் ஏறக்குறைய ஐயத்துக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது. மனை வணிகம் ஏரிப் பாசன நிலத்தை விழுங்கியது, வீட்டு ஆண்கள் மாதச் சம்பளத்துக்குப் போனதும் குடும்பங்கள் பெண்களைக் கூலி வேலைக்கு அனுப்புவதை நிறுத்திக்கொண்டன என்பது அதன் சாரம். இதில் உண்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. ஆனால் இதற்குச் சான்றாகத் திரும்பத் திரும்பக் காட்டப்படுபவை மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் நகர்ப்புற அட்டவணைகள். இவ்வளவு பெரிய முடிவை அவை தாங்குமா என்பதே இங்கு கேள்வி. தாங்காது என்றே கருதுகிறேன்.

முடிச்சூர், வண்டலூர், மேடவாக்கம் ஆகிய மூன்றும் 2011 கணக்கெடுப்பில் 'கணக்கெடுப்பு நகரங்கள்'. நிர்வாகத்திலோ அவை அப்போது ஊராட்சிகள். ஓர் ஊராட்சி இவ்வாறு நகரமாக எண்ணப்பட மூன்று நிபந்தனைகள் உண்டு. மக்கள்தொகை குறைந்தது 5,000 இருக்க வேண்டும். சதுர கிலோமீட்டருக்குக் குறைந்தது 400 பேர் வசிக்க வேண்டும். முதன்மை உழைப்பாளர்களான, அதாவது ஆண்டில் ஆறு மாதமாவது உழைக்கும், ஆண்களில் 75 விழுக்காட்டினராவது வேளாண்மைக்கு வெளியே வேலை செய்ய வேண்டும். முதல் இரண்டையும் பற்றி ஆய்வாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மூன்றாவதை எல்லாரும் அடிக்குறிப்பில் மேற்கோள் காட்டிவிட்டுக் கடந்துபோகிறார்கள். சிக்கல் முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

ஓர் ஊர் கிராமமா நகரமா என்பதை அந்த ஊர்ப் பெண்கள் செய்யும் வேலை எந்த வகையிலும் தீர்மானிப்பதில்லை. கற்பனையாக ஓர் ஊரை எடுத்துக்கொள்வோம். முதன்மை உழைப்பாளரான ஆண்கள் 1,000 பேர். அவர்களில் 760 பேர் தொழிற்சாலை, கடை, அலுவலகம் என்று போகிறார்கள், 240 பேர் வயலில். உழைக்கும் பெண்கள் 400 பேர். அவர்களில் 300 பேர் நடவுக்கும் களை எடுப்புக்கும் போகிறவர்கள். இரு பாலாரையும் கூட்டினால் 1,400 பேரில் 540 பேர் உழவில் இருக்கிறார்கள். அதாவது நூற்றுக்கு ஏறத்தாழ 39 பேர். ஆயினும் விதிப்படி இது நகரம். வயலில் நிற்கும் அந்த 300 பெண்களும் ஒரே இரவில் 'நகர்ப்புறப் பெண்கள்' ஆகிவிடுகிறார்கள். மாவட்டத்தின் ஊரகப் பட்டியலில் உழவுப் பெண்களின் எண்ணிக்கை குறைகிறது. ஆய்வாளர் அதைப் பார்த்து விலகல் என்று எழுதுகிறார்.

இதில் காலப் பிறழ்வும் உண்டு. 2011க்கான நகரப் பட்டியல் முன்கூட்டியே, 2001 தரவைக் கொண்டு தயாரானது. அப்போது 4,000 பேர் இருந்த ஊர்களையும், பத்தாண்டில் வளர்ந்துவிடும் என்ற கணிப்பில் சேர்த்தார்கள். ஆகவே 2011இன் நகரப் பெண் என்பவள், பத்தாண்டுக்கு முந்திய ஆண்களின் வேலையால் நகரத்தவள் ஆனவள்.

ஆணின் வேலையை மட்டும் பார்ப்பதற்கு ஒரு நியாயம் சொல்லப்படுகிறது: பெண்களின் பங்கேற்பு விகிதம் ஊருக்கு ஊர், கணக்குக்குக் கணக்கு ஏறி இறங்குவதால் ஒப்பீட்டுக்கு ஆணின் எண்ணிக்கையே நிலையானது. இது வாதமாகாது. சரியாக எண்ணவில்லை என்ற ஒப்புதலையே, எண்ணாமல் விடுவதற்குக் காரணமாக்குகிறது.

சரியாக எண்ணப்படாததன் வழி தெரிந்ததே. ஆறு மாதம், அதாவது 183 நாள், உழைத்தால்தான் முதன்மை உழைப்பாளர். செங்கல்பட்டு வட்டாரத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பேசப்பட்டாலும் ஏரியில் தண்ணீர் நிற்பதைப் பொறுத்தே பயிர். நடவும் களையும் பெண்ணின் வேலை. அறுவடையை இயந்திரம் எடுத்துக்கொண்டது. சில வாரம் கூலிக்குப் போய், ஆண்டு முழுக்க மாடும் வைத்திருக்கும் பெண்ணைப் பற்றி, வாசலுக்கு வரும் கணக்கெடுப்பாளரிடம் வீட்டு ஆண் சொல்லும் பதில் "அவங்க வீட்லதான் இருக்காங்க" என்பது. இதை ஈடுசெய்யவே 1991 படிவத்தில் குடும்ப நிலத்தில் ஊதியமின்றிச் செய்யும் வேலையும் சேரும் என்று கேள்வியிலேயே எழுதினார்கள். 2001 முதல் வீட்டுத் தேவைக்கான பால் உற்பத்தியும் வேலையாயிற்று.

ஆனால் அந்தப் பால்காரப் பெண் எந்தப் பட்டியலில் விழுகிறார் என்று பாருங்கள். 2001, 2011 கணக்கெடுப்புகளில் உழைப்பாளர் நான்கு வகை: பயிரிடுவோர், வேளாண் கூலியாளர், வீட்டுத் தொழில் செய்வோர், பிற உழைப்பாளர். கால்நடை வளர்ப்பு நான்காவதில். மேடவாக்கத்தில் இரண்டு மாடு வைத்திருப்பவரும் பழைய மகாபலிபுரம் சாலையில் மென்பொருள் எழுதுபவரும் ஒரே நிரலில். அந்த நிரல் பெருத்திருப்பதைக் காட்டி, பெண்கள் சேவைத் துறைக்குப் போய்விட்டார்கள் என்று எழுதியிருக்கிறார்கள்!

1961க்கும் 1971க்கும் இடையே இந்தியப் பெண் உழைப்பாளர் எண்ணிக்கை சரிந்ததில் பெரும்பங்கு வரையறை மாற்றத்தின் விளைவு என்பதை ஆய்வுத் துறை எப்போதோ ஏற்றுக்கொண்டது. செங்கல்பட்டு ஊர்களை ஆராய்ந்த ஜோன் மென்ச்சரும் கே. சாரதாமணியும் 1982இல் நெல் சாகுபடியில் பெண்ணுழைப்பைப் பற்றி எழுதியபின் இதை மறக்க இடமில்லை. புறநகர் என்றதும் மறந்துவிடுகிறோம். நிலமே மனையான பின் வரையறை எதற்கு என்போருக்கு ஒன்று: மனையான நிலத்தின் பரப்பு, உள்ளூரில் வயல் இழந்த பெண் அடுத்த ஊருக்கு நடவுக்குப் போவதைச் சொல்லாது.

வேறொரு சான்று கைக்கெட்டும் தொலைவில் உண்டு. 2005ஆம் ஆண்டின் ஊரக வேலை உறுதிச் சட்டம் ஊராட்சி எல்லையைப் பார்த்தது, கணக்கெடுப்பின் நகரப் பட்டியலை அல்ல. தமிழகத்தில் அந்த நூறு நாள் வேலையின் மனித நாள்களில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் பெண்களுடையவையாக இருந்தன. வேலை அட்டையில் ஊரகத் தொழிலாளியாக இருந்த ஒருத்தி கணக்கெடுப்பில் நகரவாசியாக இருந்திருக்கிறாள். கணக்கெடுப்பின் முதன்மைச் சுருக்கம் ஊர்வாரியாக, ஆண் பெண் பிரித்து, முதன்மை உழைப்பையும் குறுகிய கால உழைப்பையும் தனித்தனி நிரல்களில் தருகிறது. இரு பாலாரையும் இரு வகையையும் கூட்டி, தாம்பரம் சுற்றுவட்டத்தின் கணக்கெடுப்பு நகரங்களில் எத்தனை மீண்டும் கிராமமாகும் என்று பார்ப்பது ஒரு வார வேலை. விலகல் பற்றிப் பேசுவோர் முதலில் அதைச் செய்துவிட்டு வரட்டும்.